பழைய பாலத்தை இடித்துப் புதுசு கட்டுகிறார்கள், சரி. படுகைக்கு நடுவே மண் கொட்டி மேடாக்கும் அணுகுசாலையை என்ன செய்வது?

படுகைவாசி:

வணக்கம். ஊர்ப் பெயரைப் போடவில்லை, ஏற்கெனவே ஊரில் என் பெயர் கொஞ்சம் கெட்டிருக்கிறது. கடலூர் மாவட்டத்தின் தெற்குப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளாற்றில் போய்ச் சேருகிற ஒரு வடிகால் ஆறு எங்கள் ஊரை ஒட்டிப் போகிறது, அதன்மேல் ஏழு கண் பாலம். அப்பா பள்ளிக்கூடம் போன காலத்தில் கட்டியது. கைப்பிடிச் சுவர் இரண்டு இடத்தில் இல்லை, அங்கே சவுக்குக் கம்பு கட்டிச் சிவப்புத் துணி தொங்கவிட்டிருக்கிறார்கள். மூன்றாவது தூணுக்கு மேலே ஸ்லாபின் அடியில் கம்பி வெளியே தெரிகிறது, விரலால் தேய்த்தால் துரு பொருக்குப் பொருக்காகக் கையோடு வருகிறது. மூன்று வருடமாகக் கனரக வாகனம் போகக்கூடாது என்று பலகை வைத்திருக்கிறார்கள், ஆனாலும் ராத்திரியில் லோடு வண்டி போகத்தான் செய்கிறது. ஆக, புதுப் பாலம் வேண்டும் என்பதில் எனக்கு எந்த மாற்றுக் கருத்தும் இல்லை, இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பிரச்சினை பாலத்தில் இல்லை, அதற்கு மேற்கே இருக்கிற சாலையில். இப்போதுள்ள சாலை பாலத்திலிருந்து இறங்கி ஏறக்குறைய 400 மீட்டருக்கு வயல் மட்டத்தை ஒட்டியே போகிறது. கார்த்திகையில் ஆறு ததும்பினால் அந்த இடத்தில் தண்ணீர் சாலைமேல் ஏறி ஓடும், இரண்டு மூன்று நாள் போக்குவரத்து கிடையாது, அப்புறம் வடிந்துவிடும். அந்தப் பக்கம் முழுக்கப் படுகை. கோரையும் நாணலும், நடுவில் மாசி வரைக்கும் தண்ணீர் நிற்கிற ஒரு பெரிய பள்ளம். நத்தைகுத்தி நாரை கூட்டமாக வந்து இறங்கும். தண்ணீர் வற்றுகிற நேரத்தில் விராலும் குறவையும் கையாலேயே பிடிக்கலாம், பங்குனியில் மாடுகள் எல்லாம் அங்கேதான்.

இப்போது உயர்மட்டப் பாலம் கட்டப்போகிறார்களாம். ஆற்றுக்கு மட்டும் பாலம், இந்த 400 மீட்டருக்கு ஆள் உயரத்துக்கு மேல் மண் கொட்டி அணுகுசாலை. அதில் தண்ணீர் போக இரண்டே இரண்டு ஹியூம் பைப், அதாவது உருண்டைக் கான்கிரீட் குழாய். அளவெடுக்க வந்தவரிடம் கேட்டேன், "தண்ணி எல்லாம் ஆத்து வழியா போயிடும் சார்" என்றார். போகாவிட்டால் அது திரும்புகிற இடம் காலனித் தெரு.

நான் வீணாகப் பயப்படுகிறேனா, இல்லை கேட்க வேண்டிய விஷயமா? கேட்பதென்றால் என்ன கேட்பது, யாரிடம் கேட்பது? நான் வணிகவியல் படித்தவன், பாலம் பற்றி ஒன்றும் தெரியாது.

ரிட்டயர்டு ஓவர்சியர்:

தம்பி, பயம் நியாயமானதுதான். முப்பது வருடம் இந்த வேலையில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், பாலம் வடிவமைக்கிறவர் கண்ணுக்கு ஆறு என்பது இரண்டு கரைக்கு நடுவில் இருப்பது மட்டும்தான். வெள்ள நேரத்து ஆறு அது இல்லை. உங்கள் ஊரில் அந்தத் தாழ்ந்த சாலையும் ஒரு பாலம்தான், யாரும் அப்படிப் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான். ஏழு கண்ணில் போக முடியாத தண்ணீரை இத்தனை வருடமும் அதுதான் தாண்டவிட்டிருக்கிறது.

பாலத்துக்கு எவ்வளவு நீளம் வேண்டும் என்பதற்கு லேசி என்பவருடைய சூத்திரம் ஒன்று உண்டு. வினாடிக்கு இத்தனை கனமீட்டர் என்று வெள்ள அளவை எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.8ஆல் பெருக்கினால் மீட்டரில் அகலம் வரும். உதாரணத்துக்கு, வினாடிக்கு 10,000 கனஅடி என்றால் 283 கனமீட்டர், கணக்குப் போட்டால் சுமார் 80 மீட்டர். ஆனால் அது வண்டல் மண்ணில் தன் தடத்தைத் தானே வகுத்துக்கொண்டு ஓடுகிற ஆற்றுக்கான சூத்திரம். கரை தாண்டிப் பரவி வருகிற தண்ணீருக்கு அதை அப்படியே வைத்தால் தப்பு. அதற்குத் தனியாகக் கண் விட வேண்டும்.

விடாவிட்டால் இரண்டு நடக்கும். ஒன்று, மேல்பக்கம் தண்ணீர் மட்டம் ஏறும், நாங்கள் அஃப்ளக்ஸ் என்போம், அதுதான் உங்கள் காலனித் தெருவுக்குப் போகும். இன்னொன்று பாலத்துக்கே ஆபத்து. பரவிப் போக வேண்டியது எல்லாம் ஒரே வாயில் நுழைந்தால் வேகம் கூடும், தூண் அடியில் மண்ணைத் தோண்டும். தூணுக்கு அடித்தளம் போடும்போது சராசரி அரிப்பு ஆழத்தைப்போல் இரண்டு மடங்கும், கரையோரத் தாங்குசுவருக்கு 1.27 மடங்கும் எடுத்துக்கொள்வோம். வெள்ள அளவையே குறைத்துப் போட்டிருந்தால் அந்த இரண்டு மடங்கால் என்ன பிரயோசனம்?

நம் பக்கத்தில் பாரம் தாங்காமல் விழுந்த பாலத்தைவிடக் கால் அரிந்து விழுந்த பாலம்தான் அதிகம் என்பது என் அனுபவம். திருச்சியில் கொள்ளிடத்தின் பழைய இரும்புப் பாலம், 1928இல் கட்டியது, 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் தூண் இறங்கி உடைந்ததே, அப்போது அதில் வண்டியே ஓடவில்லை. பக்கத்தில் 2016லேயே புதுப் பாலம் திறந்தாகிவிட்டது. வெறும் பாலத்தைத் தண்ணீர் சாய்த்தது. ஆற்றில் மணல் எடுத்து எடுத்து மட்டம் இறங்கிப்போனதுதான் காரணம் என்று அந்தப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதே மாதம் முக்கொம்பு மேலணையிலும் ஒன்பது மதகு போனது.

புதுப் பாலம் என்றால் பயமில்லை என்றும் நினைக்க வேண்டாம். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்கு அப்புறம் தென்பெண்ணையில் அகரம்பள்ளிப்பட்டு - தொண்டமானூர் பாலம் போனது, 16 கோடி ரூபாய், திறந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. கணக்குப் போட்டதைவிடப் பல மடங்கு தண்ணீர் வந்துவிட்டது என்று அரசுத் தரப்பில் சொன்னார்கள். இருக்கலாம். கணக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்பதில் தப்பில்லை.

கரும்பு லோடு:

எல்லாரும் நன்றாக எழுதுகிறீர்கள். நானும் ஆற்றோரக்காரன்தான், ஒரு விஷயம் மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். எங்கள் ஊரில் இப்படித்தான் ஒருவர் மனுப் போட்டார், "நீர்நிலை பாதிக்கும்" என்று. மதிப்பீட்டைத் திருத்த வேண்டும் என்று கோப்பு மேலே போனது, திரும்பி வர நாலு வருடம். அதற்குள் விலைவாசி ஏறி, பழைய தொகைக்கு ஒப்பந்ததாரர் யாரும் வரவில்லை. அந்த நாலு வருடமும் கார்த்திகை மார்கழியில் நாங்கள் 14 கிலோமீட்டர் சுற்றித்தான் போனோம். என் அம்மாவுக்கு மூச்சுத் திணறல் வந்த ராத்திரி ஆம்புலன்ஸ் அக்கரையில் விளக்கைப் போட்டுக்கொண்டு நின்றது, டிராக்டர் டிப்பரில் வைக்கோல் போட்டு அம்மாவைப் படுக்கவைத்துத் தண்ணீருக்குள் ஓட்டிக்கொண்டு போனோம். நாரைக்கு றெக்கை இருக்கிறது தம்பி, எங்கேயும் போய் இறங்கிக்கொள்ளும்.

கேட்காதே என்று சொல்லவில்லை. பாலம் நின்றுபோகாத மாதிரி கேள்.

படுகைவாசி:

கரும்பு லோடு அண்ணே, உங்கள் கோபம் புரிகிறது. எங்கள் வீட்டிலும் இதேதான் சொல்கிறார்கள், சொந்தச் சித்தப்பாவே டீக்கடையில் "இவன்தான் பாலத்த நிறுத்துறான்" என்று பேசினார். சாலை உயரக்கூடாது என்று நான் சொல்லவே இல்லை. உயர்த்துங்கள், அடியில் தண்ணீர் போக வழி விடுங்கள் என்றுதான் கேட்கிறேன். நாரையை விடுங்கள், அந்தத் தண்ணீர் வடியவில்லை என்றால் எங்கள் சம்பாப் பயிரும் அழுகும்.

மட்டுநகரான்:

நான் மட்டக்களப்பு. தம்பி கேட்ட கேள்வி எங்களுக்கு ஒவ்வொரு மாரியும் கண்ணுக்கு முன்னால் நடக்கிற சங்கதி, அதனால் எழுதுகிறேன்.

பொலன்னறுவையிலிருந்து மட்டக்களப்புக்கு வருகிற வழியில் மன்னம்பிட்டியில் மகாவலி ஆற்றைக் கடக்க வேண்டும். முந்தி அங்கே ஒரே இரும்புப் பாலம்தான், ரயிலும் பஸ்ஸும் அதற்குள்ளாலேயே போகும், ரயில் வந்தால் மற்ற வாகனங்கள் எல்லாம் மறித்து நிற்க வேண்டும். 2007இல் ஜப்பான் உதவியோடு பக்கத்தில் புதுப் பாலம் வந்தது, நல்ல பாலம், உயரமாக நிற்கிறது. ஆனால் மகாவலி பெருகினால் பொலன்னறுவைக்கும் மன்னம்பிட்டிக்கும் இடையில் கல்லெல்லப் பக்கம் வீதி தண்ணீருக்குள் போய்விடும். பாலம் காய்ந்துகொண்டு நிற்கும், பாலத்துக்குப் போக வழி இருக்காது. 2024 நவம்பரிலும் அப்படித்தான்.

அப்போ வீதியை உயர்த்து என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் அது சும்மா வெளி இல்லை, மகாவலியின் வெள்ளச் சமவெளி. ஆற்றோரம் எங்கும் "வில்லு" என்று சொல்கிற பள்ளங்கள். வெள்ளத்தில் நிரம்பி, கோடையில் மெல்ல மெல்ல வற்றி, புல் முளைத்து, யானைகள் வந்து மேய்கிற இடம். 1984இல் அதற்கென்றே ஒரு தேசியப் பூங்கா அறிவித்திருக்கிறார்கள். அந்த வில்லுகளுக்குச் சாப்பாடே ஆற்று வெள்ளம்தான். மண் அணைக்கட்டு மாதிரி வீதியைப் போட்டு மறித்தால் ஒரு பக்கம் தண்ணீர் தேங்கும், மற்றப் பக்கம் வில்லு காய்ந்து புதர் மண்டிவிடும். தூண்மேல் வீதியைத் தூக்கினால் இரண்டுக்கும் சேதமில்லை, ஆனால் காசு பயங்கரம்.

எங்கள் பக்கம் களப்புகளுக்கு, நீங்கள் காயல் என்பீர்கள், குறுக்கே பழைய ஆட்கள் தாம்போதி போட்டார்கள். வீதி தாழ்ந்து இருக்கும், வெள்ளம் வந்தால் மேலால் போகும், போக்குவரத்து ஒன்றிரண்டு நாள் நிற்கும், வீதி உடையாது. நீங்கள் தரைப்பாலம் என்பது அதைத்தான் என்று நினைக்கிறேன். 400 மீட்டரையும் உயர்த்த வேண்டாம், நடுவில் ஒரு 100 மீட்டரைத் தாம்போதியாகத் தாழ்த்தி விடலாமே? கரும்பு லோடு அண்ணனுக்கு இது பிடிக்காது, தெரியும்.

கரும்பு லோடு:

பிடிக்காது. ஒன்றிரண்டு நாள் என்று சொல்வது லேசு. அந்த ஒன்றிரண்டு நாளில்தான் எல்லாம் வரும்.

சைட் சூப்பர்வைசர்:

கட்டி முடித்ததைப் பற்றியே பேசுகிறீர்கள். கட்டும்போது நடப்பதையும் கொஞ்சம் பாருங்கள். நான் நாலு பாலம் வேலையில் ஒப்பந்ததாரர் பக்கம் இருந்தவன், அதனால் பெயர் கேட்காதீர்கள்.

முதல் வேலை டைவர்ஷன் ரோடு. பழைய பாலத்தை இடிக்க வேண்டும், வண்டியும் போக வேண்டும், அதனால் பக்கத்திலேயே ஆற்றுக்குக் குறுக்கே நாலு ஹியூம் பைப் போட்டு மேலே மண்ணும் கிராவலும் கொட்டுவோம். பாலம் திறந்த அன்றைக்கே அதை எடுக்க வேண்டும், ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருக்கும். எடுக்கிறோமா? மேலே இருக்கிற கிராவலை வழித்துக்கொண்டு போவோம், அது காசு. பைப்பும் அடிமண்ணும் அங்கேயே கிடக்கும். நான் வேலை செய்த ஓர் இடத்தில் ஏழு வருடம் கழித்துப் போய்ப் பார்த்தேன், பைப் மேல் வேலிக்காத்தான் மரமாகி நிற்கிறது, ஆறு அதைச் சுற்றிக்கொண்டு எதிர்க்கரையைத் தின்றிருக்கிறது. பழைய பாலத்தின் இடிபாடும் அப்படியே. தூணைத் தரைமட்டத்துக்கு உடைத்துவிட்டு, உடைத்த கல்லைப் பக்கத்துப் பள்ளத்தில் தள்ளிவிடுவார்கள். உங்கள் ஊரில் பள்ளம் என்றால் எது? நாரை இறங்குகிற இடம்தான்.

அப்புறம் மண். 400 மீட்டருக்கு ஆள் உயரம் என்றால் ஆயிரக்கணக்கான லோடு. அது எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். படுகையிலேயே பொக்லைனை இறக்கித் தோண்டிப் போடுவதுதான் ஒப்பந்ததாரருக்கு மலிவு. மிக்சர் கழுவின தண்ணீரும் நேராக ஆற்றில்தான் போகும், சிமெண்டுத் தண்ணீர் போன இடத்தில் மீன் வெள்ளையாக மிதக்கும், என் கண்ணால் பார்த்தது.

காலமும் முக்கியம். டெல்டா பக்கம் என்றால் ஜூன் 12இல் மேட்டூர் திறந்தால் வாய்க்காலும் வடிகாலும் ஓட ஆரம்பித்துவிடும், அக்டோபரில் பருவமழை, ஜனவரி வரைக்கும் ஈரம். காய்ந்த தரையில் வேலை செய்யக் கிடைப்பது பிப்ரவரியிலிருந்து மே வரைக்கும்தான். வேலை உத்தரவு செப்டம்பரில் வந்தால் கொடுத்த கெடுவுக்குள் முடிக்க வேண்டும் என்று மழையிலேயே பண்டு, அதாவது தற்காலிக மண்கரை, போட்டு ஆற்றை மறிப்பார்கள். அந்த வருடத்து வெள்ளம் உங்களுக்குத்தான்.

பெருங்குடி லதா:

சென்னையிலிருந்து. எங்கள் கதை வேறு மாதிரி, ஆனால் ஒரு பாடம் பொருந்தும். பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், ஏறியது, உங்கள் பக்கத்துப் பிச்சாவரமும் அதே நேரத்தில்தான். ஏறுவதற்கு எத்தனையோ வருடம் முன்னாலேயே துரைப்பாக்கம் - பல்லாவரம் ரேடியல் சாலை அதை இரண்டாக வெட்டிவிட்டது. சாலைக்கு அடியில் கல்வெர்ட் இருக்கிறது, இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் போய்ப் பாருங்கள், ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக்கும் தெர்மாகோலும் அடைத்துக்கொண்டு இருக்கும். தென்சென்னையில் அவ்வளவு ஏரிகளின் உபரி நீர் கடைசியில் ஒக்கியம் மடுவு வழியாகத்தான் பக்கிங்காம் கால்வாய்க்குப் போக வேண்டும், அங்கே ராஜீவ் காந்தி சாலைப் பாலம் போதவில்லை என்று ஒவ்வொரு மழைக்கும் பேசுவோம், கடைசியில் மெட்ரோ வேலையோடு சேர்த்துத்தான் அகலப்படுத்த ஆரம்பித்தார்கள். முதலிலேயே விட்டிருந்தால் எவ்வளவு மிச்சம்.

நான் சொல்ல வந்தது, பைப் போட்டால் அது அடைக்கும். ஆள் குனிந்து உள்ளே போய்ச் சுத்தம் பண்ண முடிகிற உயரத்தில் பாக்ஸ் கல்வெர்ட், அதாவது பெட்டி வடிவக் கான்கிரீட் கண், கேளுங்கள். அதன் தரைமட்டம் படுகையின் தரையை விட உயரமாக இருக்கக்கூடாது. ஒரு அடி தூக்கிப் போட்டுவிட்டால் அந்த ஒரு அடித் தண்ணீர் ஒரு பக்கமே நின்றுவிடும், மீனும் தவளையும் தாண்டவே தாண்டாது. வரைபடத்தில் இதை யாரும் கவனிப்பதில்லை.

ரிட்டயர்டு ஓவர்சியர்:

லதா அம்மா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. சூப்பர்வைசர் தம்பி சொன்னதும் சரி, எங்கள் ஆட்களும் பார்த்துக்கொண்டு சும்மா இருந்திருக்கிறோம், நான் உள்பட.

தம்பி, இப்போது செய்ய வேண்டியது. தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் வில்லை ஒட்டி ஒரு மனு. "பாலம் எப்படி இருக்கும்" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவாகத்தான் பதில் வரும். பொது அமைப்பு வரைபடம், நீரியல் கணக்கு, அதில் எடுத்துக்கொண்ட எச்.எஃப்.எல்., அதாவது உச்ச வெள்ள மட்டம், அது எந்த வருடத்து வெள்ளம், நீர்வளத்துறையின் ஒப்புதல் கடிதம், மண் எடுக்கும் இடம், பழைய பாலத்தை அகற்றுவதற்கு மதிப்பீட்டில் போட்டிருக்கிற இனம். இத்தனையும் தனித்தனியாக. 30 நாளில் பதில் தர வேண்டும். அதற்குள் கிராமசபை வந்தால் தீர்மானம் போடுங்கள், "பாலத்தை வரவேற்கிறோம்" என்று முதல் வரி இருக்கட்டும், கரும்பு லோடு சொன்னதற்காகத்தான்.

வெள்ள மட்டத்தை நீங்களே எடுத்து வையுங்கள். அவர்கள் விசாரித்து எழுதுகிற எச்.எஃப்.எல். பல நேரம் பாலத்தடியில் நிற்கிற யாராவது ஒருவர் கை காட்டினதுதான்.

தாம்போதி யோசனை மோசமில்லை, ஆனால் உயர்மட்டப் பாலம் என்று சாங்ஷன் ஆன வேலையில் அதை நுழைக்க முடியாது. கல்வெர்ட் எண்ணிக்கையைக் கூட்டுவதற்கு வழி இருக்கிறது, வேலையை நிறுத்தாமலே.

படுகைவாசி:

ஞாயிற்றுக்கிழமை வேலையைச் சொல்கிறேன். கொத்தனார் ஒருவர் வைத்திருக்கிற டியூப் லெவலை, அதாவது தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கிற குழாயை, வாங்கிக்கொண்டு, நானும் இரண்டு பையன்களும் ரேஷன் கடைச் சுவரிலிருந்து ஆரம்பித்தோம். அங்கே 2015 நவம்பர் வெள்ளத்தின் கறை இன்னும் இருக்கிறது, அதற்கு மேல் இரண்டு தடவை சுண்ணாம்பு அடித்தும் பழுப்பாகத் தெரிகிறது. அந்த மட்டத்தை டியூபில் கொண்டுபோய்க் கொண்டுபோய், பதினொரு கம்பு நட்டு, பாலத்துக்கு மேற்கே சர்வே ஆட்கள் அடித்த முளை வரைக்கும் வந்துவிட்டோம். மூன்று மணி நேரம், கடைசிக் கம்பு கோரைக்குள், முழங்கால் சேறு.

கணக்கு இது. வயல் மட்டத்திலிருந்து பழைய சாலை ஒன்றரை அடி. 2015 தண்ணீர் நாலு அடி. அதாவது சாலைமேல் இரண்டரை அடி ஓடியிருக்கிறது. முளையில் சிவப்புப் பெயிண்டில் போட்ட புதுச் சாலை மட்டம் ஏழு அடி.

ரிட்டயர்டு ஓவர்சியர்:

அருமை. 400 மீட்டர் நீளம், இரண்டரை அடி என்றால் முக்கால் மீட்டர். ஆள் நடப்பதைவிட மெதுவாக, வினாடிக்கு அரை மீட்டர் என்று வைத்தாலே 150 கனமீட்டர், அதாவது 5,300 கனஅடி சாலையைத் தாண்டிப் போயிருக்கிறது. அவர்கள் போடுகிற ஹியூம் பைப் 900 மில்லிமீட்டர் என்றால் இரண்டும் சேர்ந்து 70 கனஅடி விட்டால் பெரிசு. இந்த ஒரு வரியை மட்டும் மனுவில் எழுதுங்கள், மற்ற பத்தி எல்லாம் வேண்டாம்.

தோராயமாக, நாலு அடித் தண்ணீரை வினாடிக்கு இரண்டு மீட்டர் வேகத்தில் விட 60 மீட்டர் திறப்பு வேண்டும். நாலு மீட்டர் அகலப் பாக்ஸ் பதினைந்து. அதை ஒரே இடத்தில் வைக்காமல் மூன்று இடத்தில் ஐந்து ஐந்தாக, ஒன்று அந்தப் பெரிய பள்ளத்துக்கு நேராக. இரண்டு மீட்டர் வேகம் கொஞ்சம் அதிகம், கீழ்ப்பக்கம் கல் பாவச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் அங்கே குழி விழும். பேரம் பேசுவார்கள், பத்துக்குக் கீழே இறங்காதீர்கள்.

கரும்பு லோடு:

சாலை ஏழு அடியிலேயே இருக்கும்தானே?

படுகைவாசி:

இருக்கும் அண்ணே. ஒரு அங்குலம் குறைக்கச் சொல்லவில்லை. வியாழக்கிழமை உதவிப் பொறியாளர் இடத்தைப் பார்க்க வருகிறாராம், கம்புகளை அப்படியே விட்டு வைத்திருக்கிறேன்.

ரிட்டயர்டு ஓவர்சியர்:

அதற்கு முன் இன்னொரு தடவை எடுத்துவிடு தம்பி, இந்தத் தடவை முளையிலிருந்து ரேஷன் கடைக்கு, திரும்பி. டியூபுக்குள் ஒரு காற்றுக்குமிழி இருந்தாலே நாலு விரல்கடை தப்பு வரும், வருகிறவர் முதலில் அதைத்தான் கேட்பார்.